ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை என்றால்

கேள்வி: சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆறு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எம்.இ. கணினி அறிவியல் படித்தவள். வயது 31. இரண்டரை வயதில் ஒரு மகள். பிஎச்.டி.க்குப் பதிவு செய்யாதவர்களுக்கு இனி ஊதிய உயர்வு இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பக்கத்திலேயே ஒரு கைடு கிடைத்திருக்கிறார். ‘மென்பொருள் பிழைகளை நியூரல் நெட்வொர்க் மூலம் கணித்தல்’ என்று தலைப்பும் கொடுத்துவிட்டார். வேலையில் இருந்தபடியே மூன்று ஆண்டில் முடித்துவிடலாம், 98 சதவீதத் துல்லியம் காட்டிவிடலாம் என்கிறார். எனக்கோ நிரல் பகுப்பாய்வில்தான் ஆசை. அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆட்களிடம் கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம் ஆகியவற்றைச் சரிபார்க்க அவருக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். எடையெல்லாம் சரியாக இருந்தும் ‘கணக்கு இடிக்கிறது’ என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து தேடியதில், 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் கணினியில் 1 வருவதில்லை என்பது தெரிந்தது. இதை ஓட்டிப் பார்க்காமலே ஒரு கருவி எனக்குச் சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுநேர ஆராய்ச்சிக்குப் போகலாமா? இயந்திரமே நிரல் எழுதும் காலத்தில் இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த 0.1-இலிருந்தே தொடங்குகிறேன். 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அதை வானிலேயே தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு சுடவே இல்லை. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணியது. அதை நொடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கினார்கள். நம் எழுத்தில் 0.1 ஒரே இலக்கத்தில் முடிந்துவிடுகிறது. 0, 1 என்ற இரண்டே இலக்கம் கொண்ட கணினியின் இரும எழுத்திலோ, மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவதைப் போல, அது முடிவதே இல்லை. 24 பிட்டோடு, அதாவது 24 இரும இலக்கத்தோடு, வெட்டினார்கள். வெட்டியதில் போனது ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அமைப்போ நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. சேர்ந்து சேர்ந்து பிசகு மூன்றில் ஒரு நொடியைத் தாண்டிவிட்டது. ஸ்கட் நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் பறப்பது. ராடார் வானத்தில் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் அப்பாவின் கணக்கை இடிக்க வைத்ததும் இதே 0.1 தான். இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் எல்லோரும் ‘அடடா’ என்பார்கள். ஓட்டிப் பார்க்காமலே இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று கேட்பவர் ஒரு வகுப்புக்கு ஒருவர் தேறினால் அதிகம். 26 ஆண்டுகள் இதே துறையில் பாடம் நடத்தி, ஓய்வு பெற்று இப்போது ஏற்காட்டில் உட்கார்ந்திருக்கும் நான் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

மென்பொருள் நம்பகத்தன்மை என்ற பெயரின் கீழ் இரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. இரண்டுக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்று புள்ளியியல் குடும்பம். சோதனையில் பிழைகள் எவ்வளவு இடைவெளியில் அகப்படுகின்றன என்று குறித்துக்கொண்டு, மிச்சம் எத்தனை இருக்கும் என்று கணிப்பது இவர்கள் வேலை. 1972-இல் வந்த ஜெலின்ஸ்கி–மொராண்டா மாதிரி அதன் மூத்த பிள்ளை. எல்லாப் பிழைகளும் ஒரே அளவில் தலைகாட்டும், ஒன்றைத் திருத்தும்போது புதிதாக ஒன்று நுழையாது என்று அது எடுத்துக்கொள்கிறது. திருத்தப்போய்க் கெடுத்த அனுபவம் உள்ள எவரும் இதைப் படித்துச் சிரிப்பார்கள். இருந்தாலும் தொலைபேசி இணைப்பகம் போன்றவற்றில் இந்த வழி நன்றாகவே உதவியது. ஆனால் பயணிகள் விமானத்தில், பேரழிவு தரும் கோளாறு 100 கோடி பறக்கும் மணி நேரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சோதனை செய்தே அதைக் காட்டுவதென்றால் எவ்வளவு காலம் ஆகும்? 100 கோடி மணி என்பது ஏறத்தாழ 1,14,000 ஆண்டு. அங்கே இந்தக் குடும்பம் கையை விரித்துவிடும்.

இரண்டாவது குடும்பம் உங்களுடையது. நான் பிறந்தது அம்மாப்பேட்டையில், தறி வீட்டில். விடியற்காலையில் தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளை, நீட்டியிருப்பார்கள். சின்னப் பெண்களான எங்களுக்கு வேலை, கண்ணை இடுக்கிக்கொண்டு நடந்து அறுந்த இழையைத் தேடிச் சொல்வது. தறியில் ஏற்றி ஓட்டிய பிறகு அறுந்தது தெரிவது ஒரு வகை. பாவாக இருக்கும்போதே தெரிவது இன்னொரு வகை. நிரல் பகுப்பாய்வு பாவைப் பார்ப்பது. நிரலை ஓட்டாமல், அதன் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அது எந்த உள்ளீட்டுக்கும் இன்ன தவறைச் செய்யாது என்று சொல்ல முயல்வது.

முயல்வது என்று தெரிந்தேதான் எழுதினேன். நிரலின் நடத்தையைப் பற்றிய உருப்படியான எந்தக் கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் தவறாமல் ஆம், இல்லை சொல்லும் கருவியைக் கட்டவே முடியாது என்று ஹென்றி ரைஸ் 1953-இல் நிறுவிவிட்டார். ஆகவே எந்தக் கருவியும் எங்காவது தவறியே தீரும். எந்தப் பக்கம் தவறுவது, இல்லாத பிழைக்கு எச்சரிப்பதா, இருக்கும் பிழையை விட்டுவிடுவதா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. எங்கள் துறையின் சண்டை, சமாதானம், சாதனை எல்லாமே இந்த ஒரு தேர்வைச் சுற்றித்தான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்ஸில் போயிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பெரும்பாலும் எதிரே ஒன்றும் வருவதில்லை. அந்தப் பொய் எச்சரிக்கைகளை யாரும் குறை சொல்வதில்லை. அடிக்காமல் விட்ட ஒரே வளைவில் லாரி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதே ஹாரனைப் பழைய பஸ் நிலையத்தில் கேளுங்கள். எல்லோரும் எப்போதும் அடிப்பதால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விமானத்துக்கு எந்த வளைவையும் விடாமல் ஹாரன் அடிக்கும் கருவி வேண்டும். நாளுக்கு நாற்பது மாற்றங்கள் செய்யும் நிறுவனத்துக்கு அது உதவாது. நிரலில் பிழை தேடும் கவரிட்டி என்ற கருவியை வணிகமாக்கியவர்கள் தங்கள் அனுபவத்தை 2010-இல் எழுதினார்கள். பொய் எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினாலே புரோகிராமர்கள் கருவியை நம்புவதை விட்டுவிடுகிறார்கள், அதற்குப் பிறகு வரும் உண்மையான பிழையையும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள் என்பது அதில் ஒரு செய்தி.

இப்போது உங்கள் பட்டறைக்கே வருவோம். ஆளிடம் கொடுத்த வெள்ளிக் கட்டிகளின் எண்ணிக்கை 0-இலிருந்து 500 வரை. திரும்பியதும் 0-இலிருந்து 500 வரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் எதையோ வகுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுக்கும் முன், கொடுத்தது திரும்பியதைவிட அதிகமா என்று கவனமாகச் சரிபார்த்தும்விட்டீர்கள். மனிதக் கண்ணுக்கு இதில் ஆபத்தே இல்லை. வித்தியாசம் குறைந்தது 1. ஆனால் ஒவ்வொரு மாறிக்கும், அதாவது நிரலில் மதிப்பு மாறும் ஒவ்வொரு அளவுக்கும், கீழ் எல்லை, மேல் எல்லை மட்டும் வைத்துக்கொள்ளும் கருவி எப்படிப் பார்க்கும்? உங்கள் சரிபார்ப்பிலிருந்து, கொடுத்தது 1 முதல் 500, திரும்பியது 0 முதல் 499 என்று புரிந்துகொள்ளும். வித்தியாசம்? 1-இலிருந்து 499 போனால் −498. 500-இலிருந்து 0 போனால் 500. ஆக, −498 முதல் 500 வரை. நடுவில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. ‘பூஜ்யத்தால் வகுக்க நேரலாம்’ என்று ஹாரன் அடித்துவிடும்.

கருவி பொய் சொல்லவில்லை. தனித்தனி எல்லைகளை மட்டும் வைத்துக்கொண்டதில், இரண்டு மாறிகளுக்கும் இடையே இருந்த உறவு நழுவிவிட்டது. அந்த உறவையும், அதாவது ‘இது அதைவிடக் குறைந்தது இவ்வளவு பெரியது’ என்பதையும், சேர்த்துக் காப்பாற்ற அந்துவான் மினே எண்கோண வடிவ எல்லைகளைக் கொண்டுவந்தார். அப்படி வைத்தால் எச்சரிக்கை மறைகிறது. ஆனால் கணக்கிட ஆகும் நேரம் ஏறுகிறது. எதை நினைவில் வைத்துக்கொள்வது, எதை மறப்பது, மறந்தாலும் உறுதி குலையாமல் எப்படி மறப்பது என்பதற்குப் பத்ரிக் கூசோ, ராதியா கூசோ தம்பதி 1977-இல் ஒரு பொதுக் கோட்பாடே கொடுத்தார்கள். அதன் வழியில் வந்த ‘அஸ்திரே’ என்ற கருவி, 2003 நவம்பரில் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு நிரலை, 1,32,000 வரி சி மொழி நிரலை, சாதாரண மேசைக் கணினியில் 1 மணி 20 நிமிடத்தில் ஆராய்ந்து, பூஜ்யத்தால் வகுப்பது போன்ற இயக்க நேரப் பிழை ஒன்றுகூட நேராது என்று நிறுவியது. உங்கள் கேள்விக்கு விடை அதுதான்: ஓட்டாமலே சொல்ல முடியும், உழைத்தால்.

அந்த ‘ஒன்றுகூட நேராது’ என்ற சொல்லைப் பற்றி என் கதையையும் சொல்ல வேண்டும். பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. நான் எழுதிய கருவி 40,000 வரியுள்ள ஒரு திறந்த மூல நிரலை ஆராய்ந்துவிட்டு, ஒரு எச்சரிக்கைகூட இல்லை என்று சொன்னது. இரவு பதினொரு மணி. ஊருக்குப் போன் போட்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அழுதார். மறுநாள் காலை நெறியாளரிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. ‘அந்த நிரலில் நீயே ஒரு பிழையை வைத்துவிட்டு மறுபடி ஓட்டு’ என்றார். பூஜ்யத்தால் வகுக்கும் வரி ஒன்றை, குழந்தைக்கும் தெரிவது போல, நட்டநடுவில் வைத்தேன். அப்போதும் எச்சரிக்கை இல்லை. என் கருவியில் கோப்பைப் படிக்கும் பகுதி, தனக்குப் புரியாத ஒரு தொடர் வந்தவுடன் மீதிக் கோப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மொத்தத்தில் பாதியைக்கூட அது பார்க்கவில்லை. அந்த வாரம் நான் மெஸ்ஸில் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் என் ஆய்வேட்டில் உருப்படியான மூன்றாம் அத்தியாயம் அதிலிருந்துதான் வந்தது: கருவி எதைப் பார்க்கவில்லை என்பதைக் கருவியே சொல்ல வைப்பது.

இதனால்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் கைடு ‘98 சதவீதம் காட்டிவிடலாம்’ என்றதும் எனக்குக் காது அடைத்தது. ஆராய்ச்சியைத் தொடங்கும் முன்பே முடிவைச் சொல்பவரிடம் என்ன கற்றுக்கொள்வீர்கள்? பிழைக் கணிப்பு என்பதே மோசமான துறை என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் அது ஒரு சமையல் குறிப்பாகிவிட்டது. நாசா வெளியிட்ட பழைய பிழைத் தரவை இறக்கிக்கொள். ஏதாவதொரு பூச்சியின் பெயரில் சிறந்த விடையைத் தேடும் ஒரு உகப்பாக்க முறையைச் சேர். நியூரல் நெட்வொர்க்கில் போடு. பழையதைவிட இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டு. அந்தத் தரவில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது, இருக்கவே முடியாத அளவுகள் கிடக்கின்றன என்று 2013-இலேயே முறையான ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டது. பயிற்சிக்குக் கொடுத்த வரிசையே தேர்விலும் வந்தால் 98 என்ன, 100 வாங்கலாம். கேள்வித்தாள் வெளியான தேர்வில் முதல் மதிப்பெண் என்று ஒரு ஆசிரியையிடம் சொன்னால் போதும், புரியும்.

அடுத்தது அந்த ‘மூன்று ஆண்டு’. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் மூன்று ஆண்டு என்பது குறைந்தபட்சம். அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கு அதற்கும் மேல் 2. பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. நிரல் பகுப்பாய்வில் ஒரு கருவியைக் கட்டி, அதை நாலு பேர் ஓட்டிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்கே இரண்டு ஆண்டு ஓடிவிடும். மொத்தம் ஐந்தரை என்று மனத்தில் வையுங்கள். பணம் கொடுத்துக் கட்டுரை போடும் இதழ்களைப் பற்றி ஒரே வரி: 2018-இல் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றில் எழுதி ‘முடித்த’ பலரை நான் நேர்முகத் தேர்வுகளில் சந்தித்திருக்கிறேன். அவர்கள் முகத்தை மறக்க முடியவில்லை.

நம் துறையில் எடை உள்ளவை மாநாடுகள். பாப்பிள், பி.எல்.டி.ஐ., ஐசீ, எஃப்.எஸ்.இ., இஸ்டா ஆகியவற்றில் வருவதைத்தான் உலகம் படிக்கிறது. நாம் எட்ட முடியாத ஏதோ அல்ல அவை. ஐசீ 2014-இல் ஹைதராபாத்துக்கும் பாப்பிள் 2015-இல் மும்பைக்குமே வந்துபோயின. நிராகரிப்பு அங்கே அன்றாடம். என் முதல் கட்டுரை நான்கு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை வந்த விமர்சனம் அநியாயம். நான்காம் முறை வந்தது நியாயம், அதைத் திருத்திய பிறகுதான் கட்டுரை கட்டுரையாக ஆனது.

எங்கே போவது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கணினி அறிவியல் மற்றும் தானியங்கியல் துறை, ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.டி. மும்பை, சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் ஆகிய இடங்களில் நிரல் பகுப்பாய்வு, சரிபார்ப்பு, கம்பைலர் வேலைகள் நெடுங்காலமாக நடக்கின்றன. கேட் அல்லது நெட் மதிப்பெண் வேண்டும். எம்.இ. காலத்து கேட் மதிப்பெண் காலாவதியாகியிருக்கும். மறுபடி எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுநேர ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 70,000-இல் தொடங்கும். அதற்குப் போட்டி கடுமை. தனியார் கல்லூரிகள் பலவற்றின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் 37,000 அவ்வளவு பெரிய இறக்கமாக இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். வேலையில் இருந்தபடி பதிவு செய்யும் வெளிப்பதிவுத் திட்டமும் இந்திய அறிவியல் கழகத்தில் உண்டு. அது ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்கும் முதலாளி இருப்பவர்களுக்கு. வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பெடுக்க வைத்து, மீதி நேரத்தில் அங்கீகாரக் குழுவுக்குக் கோப்பும் தயார் செய்யச் சொல்லும் கல்லூரி அதற்குச் சரிப்படாது.

குழந்தையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் பிஎச்.டி.யில் சேர்ந்தபோது எனக்கு 33, மகனுக்கு மூன்று வயது. முதல் ஆண்டு அவன் அம்மாப்பேட்டையில் பாட்டியிடம் இருந்தான். வெள்ளிக்கிழமை இரவு பஸ் பிடித்து வந்து ஞாயிறு இரவு திரும்புவேன். அந்த ஏற்பாடு தவறு. இப்போது கேட்டால் கூடவே அழைத்துப் போங்கள் என்பேன். வளாகங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா, திருமணமானவர்களுக்கு விடுதி எத்தனை மாதக் காத்திருப்பு என்பதைச் சேரும் முன் கேளுங்கள், கைடு யார் என்று கேட்பதற்கு முன்பேகூட. கணவர் உங்களோடு வருவாரா என்பதைக் கடிதத்தில் ஒரு வரியும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் இன்னும் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கேட் பாடத்தைவிட அது முதலில்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெற்ற விருதுகளைப் பார்க்காதீர்கள். அவருடைய மாணவர்கள் எழுதிய கருவி எங்காவது பொதுவில் கிடைக்கிறதா, இறக்கிக்கொண்டு உங்கள் மடிக்கணினியில் ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஓடினால் நல்லது. ஓடாமல், மின்னஞ்சல் போட்டதும் ஒரு மாணவர் வெட்கத்தோடு பதில் அனுப்பிச் சரிசெய்து கொடுத்தால் இன்னும் நல்லது. நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகக் கேன்டீனில் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் நெறியாளரைப் புகழ்வார். ஆறாவது நிமிடம் என்ன சொல்கிறார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

ஆசிரியையாக ஆறு ஆண்டு வீணாகிவிட்டது என்ற தொனி உங்கள் கடிதத்தில் கேட்டது. பிரான்சிஸ் ஆலன் என்று ஒருவர். நியூயார்க் மாநிலத்தில் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். படிப்புக் கடனை அடைத்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று 1957-இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். அங்கே முதல் வேலையும் பாடம் நடத்துவதுதான், விஞ்ஞானிகளுக்கு ஃபோர்ட்ரான் மொழி. திரும்பிப் போகவில்லை. இன்று நாம் நிரலின் ஓட்டத்தைக் கோட்டுப்படமாகப் பிரித்துப் பார்ப்பதில் பெரும் பங்கு அவருடைய 1970-களின் வேலைக்கு. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது, 2006-க்கானது, அவருக்கு. அதைப் பெற்ற முதல் பெண். இன்னொன்று, நமக்குப் பக்கத்திலிருந்து: கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜமணி, தாமஸ் பால் என்பவரோடு சேர்ந்து, விண்டோஸை முடக்கிக்கொண்டிருந்த டிவைஸ் டிரைவர்களை, அதாவது கணினியோடு இணைத்த சாதனங்களை இயக்கும் நிரல்களை, ஓட்டாமலே சரிபார்க்கும் ஸ்லாம் திட்டத்தைச் செய்தார். அது ஆய்வுக் கட்டுரையோடு நிற்காமல் டிரைவர் எழுதுபவர்கள் கையில் கருவியாகப் போய்ச் சேர்ந்தது.

படித்து முடித்த பிறகு? பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அதிலும் நல்ல இடம் கிடைக்க வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ பிஎச்.டி.க்குப் பிறகு ஓரிரு ஆண்டு முதுமுனைவர் ஆய்வு தேவைப்படலாம். தொழில்துறைப் பக்கம் கதவு அகலம். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச், புனேயில் டி.சி.எஸ். ஆய்வுப் பிரிவின் சரிபார்ப்புக் குழு, கார் மற்றும் விமான மின்னணு நிறுவனங்கள் என்று இந்தத் திறமைக்கு ஆள் தேடுகிறார்கள். சேலத்திலேயே வேலை வேண்டும் என்றால் கல்லூரிதான். அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

இயந்திரமே நிரல் எழுதும் காலம் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எழுதியவருக்கே முழுதாகப் புரியாத நிரல் உலகில் இப்போது பல மடங்காகிக்கொண்டிருக்கிறது. அதை யாராவது பாவிலேயே பார்த்தாக வேண்டும். இன்னொரு பக்கம், நிரலில் ஒரு சுழற்சி (லூப்) எத்தனை முறை ஓடினாலும் மாறாமல் நிற்கும் உண்மையைக் கண்டுபிடிப்பது எங்களுக்கு எப்போதும் பெரிய தலைவலி. இப்போது சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளை அதை ஊகிக்கச் சொல்லிவிட்டு, ஊகம் சரியா என்று சரிபார்ப்புக் கருவியைக் கேட்கிறார்கள். ஊகம் தவறினால் நஷ்டமில்லை, அடுத்ததைக் கேட்கலாம். சரிபார்ப்பவர் மட்டும் தவறக் கூடாது. எந்தப் பக்கம் தவறுவது என்ற அதே பழைய கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. உங்களுக்கு ஒரு ஆய்வுத் தலைப்பே இதற்குள் இருக்கலாம்.

நாளைக்கே ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். இந்தப் பருவம் முடியும் வரை ஒன்று செய்யுங்கள். 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் இடிமழை இரவில் தொலைபேசி வழியே கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். கம்பியில் நுழைந்த இரைச்சல் எழுத்துகளால் நிரல்கள் முறிந்து விழுவதைக் கவனித்தார். தாறுமாறான எழுத்துகளை வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்கச் சொல்லி அதை வகுப்புப் பயிற்சியாக்கினார். யூனிக்ஸ் பயன்பாடுகளில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை முறிந்தன. இன்று பெரிய துறையாகிவிட்ட ஃபஸ்ஸிங் அந்த வகுப்பில் பிறந்தது. உங்களிடமும் வகுப்பு இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, தமிழ் எழுத்துருவைக் கையாளும் ஏதாவதொரு திறந்த மூல நிரலை இப்படி உலுக்குங்கள். கிடைக்கும் முறிவுகளில் ஒன்றை மட்டும் எடுத்து, எந்த வரியில், எந்த அனுமானம் உடைந்ததால் வந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். அந்த இரண்டு பக்கத்தை இணைத்து நெறியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாழ்க்கைக் குறிப்பை அவர்கள் படிக்காமல் போகலாம். இதைப் படிப்பார்கள்.

ஒரு சந்தேகம் மிச்சம். பிழையைக் கண்டுபிடித்ததைச் சொன்னீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்று சொல்லவில்லை. ‘வித்தியாசம் 0.01-க்குக் குறைவு என்றால் விட்டுவிடு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அதை எடுத்துவிடுங்கள். தினம் அந்த அளவுக்குள் வெள்ளியை எடுத்துக்கொள்ளும் ஆளை அந்த நிரல் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. எடையை மில்லிகிராமில், முழு எண்ணாகவே வையுங்கள். முடிந்ததும், கொடுத்ததைவிட ஒரு மில்லிகிராம் குறைத்துப் பதிந்துவிட்டு, நிரல் கத்துகிறதா என்று அப்பாவையே ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.